நீலகிரியில் சமூகநீதிக் குழுவில் சேருகிறவர்களுக்கு

சாதி, இனம், பேசும் மொழி, வந்த ஊர் என்று ஏதோ ஒன்றைச் சொல்லி மனிதரை ஒதுக்குவதை எதிர்த்து வேலை செய்யும் குழுக்கள் நீலகிரியில் உண்டு. சில பதிவு பெற்ற சங்கங்கள். சில, ஞாயிற்றுக்கிழமை மதியம் ஏதாவது ஒரு கூடத்தில் உட்கார்ந்து பேசும் பத்துப் பதினைந்து பேர், அவ்வளவுதான். கல்லூரி முடித்தவர்கள், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், கீழேயிருந்து மலைக்குக் குடிவந்தவர்கள் என்று புதியவர்கள் வருகிறார்கள். பலர் சில மாதங்களில் நின்றுவிடுகிறார்கள். ஆர்ப்பாட்டமும் மேடைப் பேச்சும்தான் வேலை என்று நினைத்து வந்தவருக்கு, தாலுகா அலுவலக வராண்டாவில் காத்திருப்பதும் மனுவின் நகலில் முத்திரை வாங்குவதும் வேலையாகவே படுவதில்லை. ஆனால் நியாயம் கிடைத்த எந்த விஷயத்தை எடுத்துப் பார்த்தாலும், அந்த முத்திரையும் தேதியும்தான் அதைத் தாங்கியிருக்கும்.

சேருவதற்கு முன் ஒன்றை மனதில் இருத்திக்கொள்ள வேண்டும். மனு யாருடையதோ, முடிவும் அவருடையது. தன்னார்வலர் எழுதலாம், படித்துக் காட்டலாம், கூடப் போகலாம், தேதியை நினைவில் வைத்திருக்கலாம். வழக்குப் போடுவதா, சமாதானமாவதா, பத்திரிகைக்குச் சொல்வதா, இப்போதைக்கு விட்டுவிடுவதா என்பதைப் பாதிக்கப்பட்டவர்தான் சொல்ல வேண்டும். இந்த ஒரு விதி உடைந்த இடத்தில்தான் நல்ல குழுக்கள் பல கெட்டிருக்கின்றன.

இந்த மலையில் யாருக்கு என்ன வழக்கு

தமிழ்நாட்டில் மிகவும் நலிவடைந்த பழங்குடிகள் என்று அரசு வகைப்படுத்திய ஆறு சமூகங்களும் நீலகிரியில் இருக்கின்றன: தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். ஆறு பேரையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசினால் முதல் நாளே தவறு நேரும். எருமை மேய்ச்சல் நிலத்தை இழந்த தோடருக்கும், தலைமுறை தலைமுறையாக மற்றவர் வயலில் அடிமைப்பட்டுக் கிடந்த பணியருக்கும், தேன் எடுக்கக் காட்டுக்குள் போகும் காட்டுநாயக்கருக்கும் பிரச்சினைகள் வேறு, மொழி வேறு, கூடிப் பேசும் முறையும் வேறு.

கூடலூர், பந்தலூர் பக்கம் நிலம் என்று வாயைத் திறந்தாலே 'ஜென்ம நிலம்' (ஜென்மி என்ற பரம்பரை நிலவுடைமையாளரிடம் இருந்த நிலம்), 'பிரிவு 17' என்ற பேச்சு வந்துவிடும். 1969ஆம் ஆண்டின் கூடலூர் ஜென்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தில் இருந்து வரும் சிக்கல் அது. குத்தகை நிலங்களைப் பற்றிய 17ஆம் பிரிவு இன்றுவரை பல குடும்பங்களைப் பட்டாவும் இல்லாமல் மின் இணைப்பும் இல்லாமல் நிறுத்தி வைத்திருக்கிறது. இதில் பழங்குடியும் இருக்கிறார், கேரளத்தில் இருந்து வந்து குடியேறியவரும் இருக்கிறார், இலங்கையில் இருந்து திரும்பியவரும் இருக்கிறார். ஒருவர் கோரிக்கை இன்னொருவர் கோரிக்கையோடு மோதும் இடங்கள் உண்டு. அதைத் தெரியாத மாதிரிக் கடந்து போகாமல், எந்த நிலம், எந்த சர்வே எண், யார் முதலில் இருந்தார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் பேச வேண்டும்.

தாயகம் திரும்பியோர் கதையையும் தேதியோடு தெரிந்துவைத்திருப்பது நல்லது. 1948இன் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அந்நாட்டுத் தோட்டங்களில் இருந்த மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் ஒதுக்கியது. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. அந்த மக்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968இல் வனத்துறை தேயிலை நடத் தொடங்கியது. அதுவே 1976இல் குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்ட நிறுவனமானது. அந்தக் குடும்பங்களின் இன்றைய மனுக்கள் பெரும்பாலும் இரண்டு விஷயங்களைச் சுற்றி வருகின்றன: ஓய்வு பெற்றதும் லைன் வீட்டை (தோட்டம் தந்த வரிசை வீட்டை) காலி செய்ய வேண்டிய நெருக்கடி, பிள்ளைகளுக்குச் சாதிச் சான்றிதழ்.

ஊட்டி, குன்னூர் நகரங்களின் தூய்மைப் பணியாளர் குடியிருப்புகளையும், ஜார்க்கண்ட், அசாம் பக்கமிருந்து தேயிலைத் தோட்டங்களுக்கு வந்திருக்கும் தொழிலாளர்களையும் குழுக்கள் அடிக்கடி மறந்துவிடுகின்றன. வடமாநிலத் தொழிலாளர்களில் பலர் அவர்கள் ஊரில் பழங்குடியினர். கொஞ்சம் இந்தி தெரிந்த ஒரு தன்னார்வலர் வந்தாலே அந்த லைன்களின் கதவு திறந்துவிடும். சொந்த ஊர் ரேஷன் அட்டை தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் உள்ளதாக இருந்தால், 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டத்தில் இங்கேயே கைரேகை வைத்து அரிசி வாங்கலாம் என்பது அவர்களில் பலருக்கு யாரும் சொல்லாத செய்தி.

குழுவைப் பார்த்துச் சேருங்கள்

எந்தக் குழுவாக இருந்தாலும் சேருவதற்கு முன் இரண்டு கூட்டங்களில் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். யார் அதிகம் பேசுகிறார்கள், யார் தேநீர் கொடுக்கிறார்கள், யார் தரையில் உட்கார்கிறார்கள் என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். பிறகு நேராகக் கேளுங்கள். சங்கம் எந்தச் சட்டத்தில் பதிவானது? பதிவு இல்லாவிட்டால் தப்பில்லை. ஆனால் சந்தாவுக்கு ரசீது உண்டா, வரவு செலவு ஆண்டுக்கு ஒருமுறையாவது கூட்டத்தில் வாசிக்கப்படுகிறதா? நிர்வாகக் குழுவில் பாதிக்கப்பட்ட சமூகத்தினர் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர்? தீர்மானப் புத்தகத்தை உறுப்பினர் யாரும் பார்க்கலாமா? மனு எழுதிக் கொடுக்க மக்களிடம் பணம் வாங்குகிற குழுவாக இருந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். நிவாரணத் தொகையில் பங்கு கேட்கும் இடைத்தரகர்கள் இந்த மாதிரி முகமூடியில்தான் வருகிறார்கள்.

மக்கள் தாங்களே கட்டிய அமைப்புகள் இங்கே உண்டு என்பதையும் மறக்கக் கூடாது. 1988இல் கூடலூரில் ஆதிவாசிகள் ஆயிரக்கணக்கில் திரண்டு நில உரிமைப் பேரணி நடத்தினார்கள். ஆதிவாசி முன்னேற்றச் சங்கம் அந்தக் காலத்தில் வளர்ந்தது. தோட்டங்களில் தொழிற்சங்கங்கள் இருக்கின்றன. கூலி, போனஸ், வேலை நீக்கம் என்று வந்தால் முதலில் தொழிற்சங்கத்தோடு பேசுவதுதான் முறை. அவர்களைத் தாண்டிக்கொண்டு நேராக அதிகாரியிடம் போகிற தன்னார்வலர் ஒரு மனுவில் ஜெயித்து, பத்து வருட உறவைக் கெடுத்துவிடுவார்.

கூட்டம் வைக்கும் நேரத்தை மக்களின் பொழுதுதான் தீர்மானிக்க வேண்டும். கொழுந்து எடுக்கும் நாளில் காலைக் கூட்டம் வைத்தால் ஒரு நாள் கூலி போகும். கூடலூர், பந்தலூர், மசினகுடி பக்கம் பொழுது சாய்ந்தபின் கூட்டம் வைக்கவே கூடாது. திரும்பும் வழியில் யானை நிற்கும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கூடலூர்ப் பக்கம் தென்மேற்கு மழையில் சாலை அடைபடும். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை அதே கதை. கெடு தேதி உள்ள வேலைகளை மழைக்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

வயதில் மூத்த பணியரையோ காட்டுநாயக்கரையோ 'வா, போ' என்று கூப்பிடும் பழக்கம் நகரத்தில் இன்னும் இருக்கிறது. கடையிலும் அலுவலகத்திலும் அதைக் கேட்டுக் கேட்டே வளர்ந்த நமக்கு அது நாக்கில் தானாக வரும். 'நீங்க, வாங்க' என்பது முதல் நாளில் இருந்து வாயில் இருக்க வேண்டும். அலுவலர் ஒருமையில் பேசினால், சண்டைக்குப் போகாமல், அவர் காதில் விழும்படி பெரியவரை 'நீங்க சொல்லுங்க அண்ணா' என்று கேளுங்கள். பெரும்பாலும் அடுத்த வாக்கியத்தில் அலுவலரும் மாறிவிடுவார்.

முதல் ஆறு மாத வேலை

புதியவர் கையில் ஒரு பதிவேட்டைக் கொடுப்பதுதான் நல்ல தொடக்கம். கோடு போட்ட நீளமான நோட்டு போதும். வரிசை எண், பெயர், ஊர், என்ன கோரிக்கை, எந்த அலுவலகம், மனு கொடுத்த தேதி, ஒப்புகை எண், அடுத்து பார்க்க வேண்டிய தேதி, நிலை. 'அடுத்து பார்க்க வேண்டிய தேதி' என்ற கட்டம் காலியாக இருந்தால் அந்த மனு செத்துப்போயிற்று என்று வைத்துக்கொள்ளலாம். மனுதாரர் ஒவ்வொருவருக்கும் ஒரு உறை. அதில் நகல்கள் மட்டும். ஆதார், ரேஷன் அட்டை, சாதிச் சான்றிதழ், பழைய கடவுச்சீட்டு எதையும் அசலாக வாங்கி வைத்துக்கொள்ளவே கூடாது. மழையில் நனைந்த ஒரு இலங்கைக் காலத்து ஆவணத்துக்கு மறு நகல் கிடைப்பது பெரும்பாடு.

பையில் வெள்ளைத் தாள், நீல மை ஸ்டாம்ப் பேட், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லைகள், உறைகள், பிளாஸ்டிக் கவர், குடை இருக்க வேண்டும். செராக்ஸ் கடை தாலுகா அலுவலகத்துக்குப் பக்கத்தில் இருக்கும், ஆனால் மின்சாரம் இருக்குமா என்பது மழை நாளில் நிச்சயமில்லை. அதனால் நகலை முந்தின நாளே எடுத்துவிடுங்கள்.

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தின் மக்கள் குறைதீர்க்கும் நாளுக்கு ஊட்டி போவது பந்தலூர்க்காரருக்கு ஒரு முழு நாள். கூடலூரில் இருந்தே சுமார் 50 கிலோமீட்டர் மலைச் சாலை. பேருந்துக் கட்டணம், சாப்பாடு, போன கூலி எல்லாம் சேர்த்தால் ஏழைக் குடும்பத்துக்கு அது பெரிய தொகை. ஆகவே தாலுகாவில் முடிகிற வேலைக்கு ஊட்டிக்கு அலையவிடாதீர்கள். பட்டா, சான்றிதழ் போன்றவற்றுக்கு ஆண்டுதோறும் தாலுகாவில் நடக்கும் வருவாய்க் கணக்குச் சரிபார்ப்பான ஜமாபந்தி நல்ல வாய்ப்பு. முதல்வரின் 1100 எண்ணிலும் புகார் பதிவு செய்து எண் வாங்கலாம்.

மனு எழுதுவதில் புதியவர்கள் செய்யும் பெரிய பிழை, ஒரே மனுவில் வீட்டையும் சாலையையும் முதியோர் உதவித்தொகையையும் சேர்த்து எழுதுவது. அப்படி எழுதினால் எந்தத் துறையும் அதைத் தன்னுடையதாக எடுத்துக்கொள்ளாது. ஒரு மனுவுக்கு ஒரு கோரிக்கை. அனுப்புநர், பெறுநர், பொருள், நடந்தது, கேட்பது, இணைப்பு, தேதி, கையொப்பம் என்று ஒரு பக்கத்துக்குள் முடிந்தால் நல்லது. கைநாட்டு வைப்பவர் என்றால், மனுவை அவருக்குப் புரியும் மொழியில் படித்துக் காட்டிவிட்டு, 'படித்துக் காட்டப்பட்டது' என்று எழுதி, படித்தவர் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள். முத்திரை தர மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம். நேராக அஞ்சலகம் போய் அனுப்பிவிடுங்கள். பதிவுத் தபால் 2025இல் விரைவுத் தபாலோடு இணைந்துவிட்டதால், விரைவுத் தபால் ரசீதும் சேர்ப்பித்த விவரமும்தான் இப்போது சான்று.

பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம். 10 ரூபாய் வில்லை ஒட்டி அனுப்பலாம். 'ஏன் நடவடிக்கை இல்லை' என்று கேட்டால் பதில் ஒற்றை வரியில் வரும். 'இந்த எண்ணுள்ள மனு எந்தெந்தத் தேதியில் எந்தெந்த அலுவலரிடம் இருந்தது, கோப்புக் குறிப்பின் நகல் வேண்டும்' என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன் பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். பல மனுக்கள் தகவல் கேட்ட கடிதம் போய்ச் சேர்ந்த வாரத்திலேயே நகர்ந்துவிடும்.

சாதிச் சான்றிதழ் தனி உலகம். ஆதிதிராவிடர் சான்றிதழ் வட்டாட்சியர் தருவது. பழங்குடிச் சான்றிதழ் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர் தருவது. மனுவைத் தப்பான மேசையில் வைத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டுப் பழங்குடிப் பட்டியலில் குறும்பர் என்ற பெயர் 'நீலகிரி மாவட்டத்தில்' என்ற வரம்போடுதான் இருக்கிறது. கல்யாணம் ஆகி வேறு மாவட்டம் போன குடும்பத்தின் பிள்ளைகளுக்கு அங்கே தடுமாற்றம் வரும், அதை முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். தாயகம் திரும்பிய குடும்பங்களில் தாத்தாவின் கடவுச்சீட்டில் ஒரு எழுத்துக்கூட்டல், குடும்ப அட்டையில் ஒன்று, ஆதாரில் ஒன்று என்று பெயர் மூன்று விதமாக இருக்கும். எல்லா ஆவணங்களையும் மேசையில் பரப்பி, யார் யாருக்கு என்ன உறவு என்று ஒரு வம்சாவளித் தாள் எழுதி, பெயர் வேறுபாடுகளை அதிலேயே குறித்து மனுவோடு வைத்தால் விசாரணைக்கு வரும் கிராம நிர்வாக அலுவலருக்கும் வேலை சுலபம். மத மாற்றம் நடந்திருந்தால் அதையும் முதலிலேயே கேட்டுவிட வேண்டும். கிறிஸ்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர் குடும்பத்துக்குப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கிடைக்காது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பிலும் கேள்வி எழும். பழங்குடியினருக்கு அந்த மதக் கட்டுப்பாடு பட்டியலில் இல்லை. இந்தப் பாகுபாடு அநியாயம் என்பதுதான் எங்கள் கருத்து. ஆனால் மனு எழுதும் நாளில் சட்டம் எப்படி இருக்கிறதோ அப்படித்தான் எழுத வேண்டும்.

வன்கொடுமைப் புகார்

இங்கேதான் தன்னார்வலரின் கை மிகவும் நிதானமாக இருக்க வேண்டும். 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குகள் தோற்பதற்குப் பல காரணம் உண்டு. முதல் புகார் மங்கலாக எழுதப்பட்டது என்பது அவற்றில் நம் கையில் இருக்கும் காரணம்.

'சாதியைச் சொல்லி இழிவாகப் பேசினார்' என்று எழுதினால் போதாது. என்ன சொல் சொன்னாரோ அந்தச் சொல்லை அப்படியே, எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும், மேற்கோள் குறிக்குள் எழுத வேண்டும். எழுதக் கை கூசும். பாதிக்கப்பட்டவருக்கு அதைத் திரும்பச் சொல்வது இன்னும் கூசும். பெண் என்றால் பெண் தன்னார்வலர்தான் கூட உட்கார வேண்டும், அவசரப்படுத்தக் கூடாது. அடுத்து, இடம். சாதி சொல்லித் திட்டுவது, அவமதிப்பது ஆகிய குற்றங்களுக்கு அது பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் நடந்திருக்க வேண்டும். நான்கு சுவருக்குள், வெளியாள் யாரும் இல்லாதபோது பேசியது இதில் வராது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆகவே டீக்கடை வாசலா, பேருந்து நிறுத்தமா, பக்கத்தில் யார் நின்றார்கள், யார் கேட்டார்கள் என்பதெல்லாம் புகாரிலேயே வர வேண்டும். எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், பட்டியல் சாதியோ பழங்குடியோ அல்லாதவர் என்பதும், பாதிக்கப்பட்டவரின் சமூகம் அவருக்குத் தெரியும் என்பதும், எப்படித் தெரியும் என்பதும் எழுத வேண்டும். ஒரே ஊர், ஒரே தோட்டம் என்றால் அந்த ஒரு வரியே உதவும். புகார் கொடுக்கத் தாமதமானால் ஏன் தாமதம் என்றும் எழுதிவிடுங்கள். மிரட்டல், மழை, ஆஸ்பத்திரி எதுவானாலும் சரி; பின்னால் கேட்கப் போகும் கேள்விக்கு இப்போதே பதில் இருக்கட்டும்.

அடி பட்டிருந்தால் முதலில் அரசு மருத்துவமனை. யார் அடித்தார்கள், எதனால் அடித்தார்கள் என்று பாதிக்கப்பட்டவர் மருத்துவரிடம் சொல்வது விபத்துப் பதிவேட்டில் ஏறும். அங்கே கீழே விழுந்துவிட்டேன் என்று பயந்து சொல்லிவிட்டால் வழக்கின் முதுகெலும்பு போயிற்று.

காவல் நிலையத்தில் 'விசாரித்துவிட்டுப் போடுகிறோம்' என்பார்கள். 2018இல் சேர்க்கப்பட்ட 18-ஏ பிரிவின்படி இந்தச் சட்டத்தில் முதல் தகவல் அறிக்கை பதிய முன் விசாரணை தேவையில்லை. மறுத்தால் அதே புகாரை எழுத்தில் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம், அதன் பிறகு நீதித்துறை நடுவரிடம் போகலாம். அறிக்கையின் நகல் இலவசம். கேட்டு வாங்குங்கள், எந்தெந்தப் பிரிவுகள் போடப்பட்டிருக்கின்றன என்று அங்கேயே பாருங்கள். விசாரணை அதிகாரி துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாதவராக இருக்க வேண்டும். 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாக வேண்டும். இந்த 60ஆவது நாளைப் பதிவேட்டில் சிவப்பு மையில் எழுதி வையுங்கள்.

நிலையத்தில் 'நீங்க யார், எதுக்கு வந்தீங்க' என்று கேட்டால் தடுமாற வேண்டாம். பாதிக்கப்பட்டவர் சமூகப் பணியாளர்கள், தொண்டு அமைப்புகள், வழக்கறிஞர்களின் உதவியைப் பெறுவது 15-ஏ(12) பிரிவு தரும் உரிமை. அதே 15-ஏ பிரிவின் கீழ் எதிரியின் ஜாமீன் விசாரணை பற்றிப் பாதிக்கப்பட்டவருக்கு அறிவிப்பு வர வேண்டும், அவர் தரப்பைக் கேட்கவும் வேண்டும். நிவாரணம் ஒரே தவணையில் வராது. சாதி சொல்லி இழிவுபடுத்திய வழக்கில் மத்திய விதிகளின்படி முதல் தகவல் அறிக்கை பதிந்ததும் 25 சதவீதம், குற்றப்பத்திரிகைக்குப் பின் 50, தண்டனை தீர்ப்புக்குப் பின் மீதி 25. வங்கிக் கணக்கு இல்லாதவருக்கு இது அப்படியே நிற்கும். கணக்குத் திறப்பதும் தன்னார்வலர் வேலைதான்.

இலவச வழக்கறிஞருக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு ஊட்டியில் இருக்கிறது. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பு கிடையாது. எண் 15100. வன்கொடுமைப் புகார்களுக்கான தேசிய உதவி எண் 14566. இரண்டையும் ஒவ்வொரு குடியிருப்பிலும் சுவரில் எழுதிவைத்தாலே பாதி வேலை.

புகார் கொடுத்த மறுநாள்தான் உண்மையான சோதனை. கடைக்காரர் கடன் தர மாட்டார், கங்காணி வேலை மாற்றுவார், தண்ணீர்க் குழாயில் முணுமுணுப்பு வரும். அந்த இரண்டு வாரமும் தினமும் ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். அதற்கு ஆள் இல்லாத குழு, புகார் கொடுக்கச் சொல்லித் தூண்டக் கூடாது.

வன உரிமை

வன உரிமைச் சட்டம் 2006இன்படி, 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்து நிலத்தில் இருக்கும் பழங்குடிக் குடும்பம் தனிநபர் உரிமை கோரலாம். உச்ச வரம்பு 4 ஹெக்டேர், கையில் இருக்கும் அளவுக்குத்தான். மற்ற பாரம்பரிய வனவாசிகள் அதற்கு முந்தைய மூன்று தலைமுறையை, அதாவது 75 ஆண்டை, நிரூபிக்க வேண்டும். தனிநபருக்குப் படிவம் ஏ, சமூக உரிமைக்கு பி, சமூக வன வளத்துக்கு சி. குழுக்கள் ஏ படிவத்தோடு நின்றுவிடுவது பெரிய இழப்பு. தேன், கிழங்கு, மேய்ச்சல், நீர், கோயில், சுடுகாடு எல்லாம் பி, சி படிவங்களில்தான் இருக்கின்றன.

கிராம சபை தேர்ந்தெடுக்கும் வன உரிமைக் குழுவில் 10 முதல் 15 பேர். மூன்றில் இரண்டு பங்கு பழங்குடியினர், மூன்றில் ஒரு பங்கு பெண்கள். கூட்டத்தில் வருகைப் பதிவு சரியில்லை என்ற ஒரே காரணத்தால் கோரிக்கை திரும்பி வரும். ஆகவே வந்தவர் ஒவ்வொருவரின் கையெழுத்தோ கைநாட்டோ தீர்மானப் புத்தகத்தில் இருக்க வேண்டும். குடியரசு தினம், மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் நடக்கும் ஊராட்சிக் கிராம சபை வேறு, அந்தந்தக் குடியிருப்பு கூடும் வன உரிமைச் சபை வேறு; ஊராட்சிக் கிராம சபை நடக்காத பேரூராட்சிகள் நீலகிரியில் அதிகம் என்பதால் இந்தக் குழப்பம் ஓயாமல் வருகிறது.

சான்று என்றால் பட்டாதான் வேண்டும் என்று அலுவலர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். விதி 13 ஒன்றுக்கு மேற்பட்ட சான்று கேட்கிறது. கோரிக்கையாளர் அல்லாத ஒரு மூத்தவரின் எழுதப்பட்ட வாக்குமூலம், பழைய சுடுகாடு, கிணறு, தெய்வம் இருக்கும் இடம், வீட்டுவரி ரசீது எல்லாமே சான்றுதான். குறிப்பிட்ட ஒரே வகை ஆவணத்தைத்தான் தர வேண்டும் என்று வற்புறுத்தக் கூடாது என்று விதியே சொல்கிறது. எல்லையை நடந்து அளக்கும் நாளில் பெரியவர்களை முன்னால் விடுங்கள். ஜிபிஎஸ் கருவியோடு இளைஞர்கள் வேகமாக முன்னே போனால், பாட்டி கைகாட்டும் பழைய அடுப்புக்கல்லும் நட்ட பலாவும் வரைபடத்தில் ஏறாமலே போகும். பலாவின் கீழே நின்று, யார் நட்டது, அப்போது யார் வீடு இங்கே இருந்தது என்று கேட்டு எழுதுவது, பின்னால் எடுக்கும் எந்தச் செயற்கைக்கோள் படத்தையும் விட வலுவான பக்கம்.

உரிமைப் பட்டம் கணவன் மனைவி இருவர் பேரிலும் வர வேண்டும். மனைவி பேர் விடுபட்டிருந்தால் அன்றே எழுதிக் கொடுங்கள். நிராகரித்தால் காரணம் எழுத்தில் வேண்டும். மேலே முறையிட 60 நாள். உரிமைகளைத் தீர்மானித்து முடிக்கும் முன் வெளியேற்றக் கூடாது என்பது 4(5) பிரிவு. புலிகள் காப்பகத்தை ஒட்டிய குடியிருப்புகளில் இந்த ஒரு வரி எல்லோருக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டும்.

குழுவுக்குள் கெடுவது

வெளிச் சண்டையைவிட உள்ளே வரும் கோளாறில்தான் குழுக்கள் அதிகம் உடைகின்றன. புகைப்படம் அதில் முதல். மனுதாரர் அழும் படம் வாட்ஸ்அப்பில் போய்விட்டால் அவர் தெருவில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. வன்கொடுமைக்கு ஆளானவரின் பெயர், ஊர், படம் எதுவும் அவர் கேட்காமல் வெளியே போகக் கூடாது. இரண்டாவது, வாக்குறுதி. 'மூணு மாசத்துல பட்டா வாங்கித் தர்றோம்' என்று சொல்லாதீர்கள். மனு கொடுக்கிறோம், இந்தத் தேதியில் போய்க் கேட்போம் என்பது மட்டும்தான் நம்மால் சொல்ல முடிந்தது. சொந்தக் காசைக் கொடுப்பதும் கவனம். பேருந்துக் காசு குழுவின் கணக்கில் இருந்து, எல்லோருக்கும் ஒரே விதியில், ரசீதோடு போகட்டும்.

தன்னார்வலருக்குள்ளும் சாதி இருக்கிறது. யார் வீட்டில் கூட்டம் வைக்கிறோம், யார் வீட்டில் சாப்பிடத் தயங்குகிறோம் என்பதை மக்கள் நம்மைவிட நன்றாகக் கவனிப்பார்கள். கூட்டத்தை முறை வைத்து எல்லோர் குடியிருப்பிலும் நடத்துங்கள். பாடியில், அதாவது அவர்கள் குடியிருப்பில், சமைத்ததை அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுங்கள். ஆங்கிலம் தெரிந்தவர், வண்டி வைத்திருப்பவர், அதிகாரியின் தொலைபேசி எண் வைத்திருப்பவர் மூவரும் தாமாகவே தலைவராகிவிடுவார்கள். அதைத் தடுக்க ஒரே வழி, அலுவலகம் போகும் ஒவ்வொரு முறையும் பேசும் பொறுப்பை அந்தக் குடியிருப்பு ஆளிடம் கொடுத்துவிட்டு, மற்றவர் ஓரமாக நின்று குறிப்பு எடுப்பது. முதல் தடவை அவர் திக்குவார். மூன்றாம் தடவை நாம் தேவைப்பட மாட்டோம்.

யாராக இருந்தாலும் ஒரு நாள் ஊரை விட்டுப் போவார்கள். வேலை, கல்யாணம், உடம்பு என்று காரணம் வரும். போவதாகத் தெரிந்ததும் ஒரு மாதம் முன்பே சொல்லிவிடுங்கள். கையில் இருக்கும் உறைகளை எண்ணி, எதில் என்ன தேதி நெருங்குகிறது என்று ஒரு தாளில் எழுதி, அடுத்து பார்த்துக்கொள்ளப் போகிறவரைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு வீட்டுக்கும் நேரில் போய், 'இனிமே இவங்கதான் வருவாங்க, உங்களுக்குச் சம்மதமா' என்று கேளுங்கள். சம்மதம் இல்லை என்றால் வேறு ஆளைப் பாருங்கள். கைப்பேசியில் இருக்கும் ஆதார் படங்களை அவர்கள் முன்னாலேயே அழித்துவிடுங்கள்.